தலைமாட்டில் இரும்பு

நான் ஒரு விரலைத் தின்றிருக்கிறேன். மண் விரல்தான். ஒரு குழந்தையின் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. ஆனாலும் அதில் நகம் கீறியிருந்தது, இரண்டு கணுவும் இருந்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், ரொம்ப ருசியாக இருந்தது.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. கணவருக்கு அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலிக்காரர்களான நாங்கள் மாற்றலில் கல்கத்தா வந்து, லேக் கார்டன்ஸில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். தெருவே அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாள் காளிகாட்டுக்குப் புடவை எடுக்கப் போனேன். கடைக்குப் போகும் வழியில் பொம்மை செய்கிறவர்களின் சந்து. இரண்டு பக்கமும் வைக்கோலில் கட்டி மண் பூசிய துர்கைகள் தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். தலையைத் தனியாகச் செய்து பிறகு வைப்பார்கள். விரல்களும் அப்படித்தான். ஒரு பலகை நிறைய விரல்களை வெயிலில் பரப்பியிருந்தார்கள். மழை விட்ட நேரம், சந்து முழுக்க ஈர மண்ணின் வாசனை. என் வாயில் எச்சில் ஊறியது. எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் நடையைக் கட்ட முடியவில்லை. பலகைக்குக் கீழே ஒரு விரல் விழுந்து கிடந்தது. குனிய முடியாத வயிற்றோடு குனிந்து அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

புடவை எடுக்கவில்லை. டிராமில் உட்கார்ந்ததும் கடித்துவிட்டேன். பத்துக் கை இருக்கிறவளுக்கு ஒரு விரல் குறைந்தால் தெரியவா போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மண் தின்றதால் வந்தது என்று இன்றைக்குச் சொல்லமாட்டேன். அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன், வேறு எப்படி நம்புவது?

மதியத்தில்தான் முதலில் கேட்டேன். லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. வீடு அடங்கியபோது யாரோ நடப்பது கேட்டது. ஈரப் புடவை தரையில் உரச, அவசரமில்லாமல் ஒருத்தி நடக்கிற சத்தம். சர்ர்... சர்ர்... இடையில் நிற்கவே நிற்காது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு அழுத்தம் உண்டு. மாஷிமா மாடிக்கு வருகிறார் என்று எழுந்து கதவைத் திறந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது, இப்போது கொஞ்சம் வேகமாக. நான் எழுந்து நடந்ததும் அவளும் வேகமாக நடக்கிறாள். நான் நின்றேன். அவள் உடனே நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய், மெல்ல மெல்லத் தன் பழைய நடைக்கு வந்தாள்.

படுத்தால் சத்தம் போய்விடும். எழுந்து உட்கார்ந்தால் வரும். வலப்பக்கம் திரும்பினால் இன்னும் கிட்டே வரும். இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற முகத்தோடு கேட்டுவிட்டு, "கீழ ஏதாவது தண்ணிக் குழாய் ஓடுதா இருக்கும்" என்றார். அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வராத தண்ணீருக்கு இத்தனை சத்தம் எதற்கு என்று கேட்டேன்.

டாக்டரம்மா அப்போதே ரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார். நான் போய்க்கொண்டிருந்த நர்சிங் ஹோமில் அவர்தான் எல்லாம். வங்காளி, நடுவயது, அதிகம் பேசாதவர். சிவப்பு மாத்திரைகள் கொடுத்தார். அதைப் போட்டால் எனக்குக் குமட்டியது. கழிவறையில் பார்த்தால் எல்லாம் கன்னங்கரேல் என்று போனது. மாத்திரையின் நிறம்தான் அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் தின்ற மண் விரலுக்கு அந்தத் துர்கைதான் பின்னால் நடந்து என்னை உள்ளே எரித்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மாத்திரையை ஒரு நாள் போட்டு நாலு நாள் விட்டேன், பிறகு மொத்தமாகவே விட்டுவிட்டேன்.

ஊரில் முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் இந்த ரத்தத்தோடு அவ்வளவு தூரம் ரயிலில் போகக்கூடாது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டதால், தாய் வீடு கல்கத்தாவுக்கு வந்தது. அம்மா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பத்திய சாமான்களும், வெற்றிலைப் பெட்டியும், பெரிய பாக்குவெட்டியுமாக ஹவுராவில் இறங்கினாள். என்னைப் பார்த்ததும், "என்னட்டி, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி நிக்க?" என்றாள். சுண்ணாம்பு என்று அவள் சொன்னதும் எனக்கு வாயூறியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் எனக்கு நிறைய ரத்தம் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பதெல்லாம், கட்டிலில் சாய்த்து உட்கார வைத்ததும் அந்த நடக்கிறவள் மறுபடி வந்துவிட்டது மட்டும்தான். இந்த முறை தொலைவில் இல்லை. என் வலது தோளுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா பாக்குவெட்டியை என் தலைமாட்டில் வைத்தாள். பிள்ளை பெற்றவளும் பச்சைப் பிள்ளையும் இரும்பு இல்லாமல் இருக்கக்கூடாது, காத்து கருப்பு அண்டிவிடும். அதே நாள் மாஷிமா கண்மை வைக்கிற ஒரு சின்ன இரும்புச் சிமிழைக் கொண்டுவந்து குழந்தையின் தலையணைக்கு அடியில் செருகினார். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் இரும்பில் ஒத்துப்போனார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், காலங்காலமாகப் பழகின சம்பந்திகள் போல.

நர்சிங் ஹோமில் கொடுத்த மாத்திரைகளை அம்மா வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு மூடிவிட்டாள். "பத்தியம்தான் மருந்து. இந்தச் சூட்டு மாத்திரையத் தின்னா பால் வத்திப் போவும்" என்றாள். நானும் மறுக்கவில்லை, அந்தக் கறுப்பு எனக்கு இனி வேண்டாம்.

அம்மாவுக்குப் பாக்கு வெட்ட வேண்டியிருக்கும்போது தலைமாட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுப்பாள். நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டுத் திரும்ப வைப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உயிரே இருக்காது. பால் கொடுக்க உட்கார்ந்திருப்பேன். பாக்குவெட்டி இருந்தாலும் தோளுக்குப் பின்னால் அவள் நடந்தாள் என்பது வேறு விஷயம். இல்லாதபோது என் பக்கம் பார்த்து நடப்பதாகத் தோன்றியது. குழந்தை குடிக்கக் குடிக்க அவள் நடை வேகமாகும். பிள்ளை பாலைக் குடிக்கிறதா, அல்லது அவள் இந்த வழியாக என்னைக் குடிக்கிறாளா என்று ஒரு மதியம் நினைத்தேன். நினைத்ததும் குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பயமாகிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று யாருக்கும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. எழுந்தால் கண் இருட்டியது. மாஷிமா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொக்தோ நேய்" என்றார். ரத்தமே இல்லை என்று. பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ ஒன்று குடிக்கிறது என்றார். எனக்குத்தான் வங்காளம் புரியும், அம்மாவுக்குப் புரியாது. ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

கணவர் எங்களை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. வெற்றிலை போட்ட வாயும் கண்டாங்கிச் சேலையுமாக நின்ற அம்மாவைப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் கேட்டால் புரியாது என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். ஐயர்ன் மாத்திரை என்று கேட்டிருந்தால் அம்மா அடித்தட்டிலிருந்து எடுத்து நீட்டியிருப்பாள். இரக்கம் எங்களைக் கெடுத்தது.

"இஸ்கோ லோஹா தே ரஹே ஹோ நா?" என்று இந்தியில் கேட்டார்.

என் கணவர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்குப் பெயர் போனவர். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். "அத்தை, இவளுக்கு இரும்பு குடுக்கீகளான்னு கேக்காவ."

"வீட்டுக்கு வந்த அன்னைக்கே குடுத்தாச்சே மாப்ள. ராத்திரி பகலா கூடவே இருக்கு. ஒரு நாளும் தப்புனதில்லன்னு சொல்லுங்க."

அவர் அதையும் சொல் பிசகாமல் சொன்னார். ஒரு நாளும் தப்பவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நானும்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் தவறாகப் படவில்லை. அம்மா இரும்பு என்கிறாள், மாஷிமா இரும்பு என்கிறார், டாக்டரம்மாவும் அதையே கேட்கிறார், இந்த ஊர் டாக்டர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறதே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கணவரை மட்டும் வெளியே அழைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்தபின் பால்கனியில் வைத்து கணவர் என்னிடம் சொன்னார். இத்தனை நாள் மருந்து கொடுத்தும் ரத்தம் ஊறவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அது என்ன நோயாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பெயரை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை. முதல் முறையாக ஒரு சொல்லை விட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தப் பிள்ளைக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பாளா என்பதுதான் இனி கேள்வி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மண் விரலுக்கு ஒரு முழு ஆளையா கேட்பார்கள்? வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

மறுநாள் மதியம் அம்மா கண்ணயர்ந்தாள், குழந்தையும் தூங்கியது. அடுக்களையில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவு மூடியிருந்தது. கொஞ்சம் கிள்ளி உருட்டினேன். கணுக்களை அழுத்தினேன். நகத்தால் நகம் கீறினேன். பூஜை எப்போதோ முடிந்து அந்தத் துர்கை ஆற்றில் கரைந்துபோயிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனாலும் அந்தச் சந்துக்குப் போய்ப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன். மாவு விரலைக் கைக்குள் மூடிக்கொண்டு படியிறங்கினேன். அவளும் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவள் வேகம் கூடியது. பாதிப் படிக்கட்டில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் கைப்பிடிச் சுவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

மாஷிமாதான் என்னைப் படிக்கட்டுத் திருப்பத்தில் விழுந்து கிடக்கக் கண்டாராம். அவர் போட்ட சத்தத்தில் அம்மா இறங்கி வந்தாள். மாஷிமா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, அம்மா டாக்ஸியில் என்னைச் சாய்த்துக்கொண்டு போனாள். கணவருக்கு ஆள் போய், அவர் அலிப்பூரிலிருந்து நேராக நர்சிங் ஹோமுக்கு வந்து சேர்ந்தார். அந்த அவசரத்திலும் அம்மா பாக்குவெட்டியை மறக்கவில்லை. வெளியே கிளம்பும்போதுதானே இரும்பு முக்கியம்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கியவர், நிமிர்ந்து கணவரிடம் கேட்டார். எந்த லோஹா கொடுக்கிறீர்கள், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

"அத்தை, எந்த இரும்பு குடுக்கீகன்னு காட்டணுமாம்."

அம்மா மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். மேசை மேல், அந்தக் கடிதத்தின் மேலேயே, டொக்கென்று வைத்தாள்.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். கணவர் அதைப் பார்த்தார். மொழிபெயர்க்க அவரிடம் ஒன்றும் இல்லை, காது இரண்டும் சிவந்துவிட்டன. டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பாக்குவெட்டியை மெல்ல எடுத்து அம்மாவிடமே கொடுத்துவிட்டு, அதன் அடியிலிருந்த கடிதத்தைக் கிழித்தார்.

பிறகு மூடியிருந்த என் கையைப் பிரித்தார். மாவு விரல் நசுங்கியிருந்தது, ஆனாலும் விரல் என்று தெரிந்தது. இது என்ன என்று அவர் கேட்கவில்லை. "மாட்டி கேயெச்சோ?" என்றார். மண் தின்றாயா?

இவருக்கு எப்படித் தெரியும்? தலையாட்டினேன். அவள் நடப்பதையும் சொன்னேன். யாரிடமும் முழுதாகச் சொல்லாததை வங்காளத்தில், திக்கித் திக்கிச் சொன்னேன். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை என் மார்பில் வைக்காமல் கழுத்தில், வலப்பக்கம் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கும் கேட்கிறது" என்றார்.

அந்த நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாகப் பயந்த நிமிடம். என் தலைக்குள் இருக்கிறாள் என்பது ஒன்று. இன்னொருவருக்கும் கேட்கிற மாதிரி நிஜமாகவே இருக்கிறாள் என்பது வேறு. அவர் ஸ்டெதாஸ்கோப்பின் இரண்டு முனைகளையும் தன் காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டினார். சர்ர்... சர்ர்... முன்னெப்போதும் இல்லாத அளவு கிட்டத்தில் அவள் நடந்தாள். அப்போது டாக்டரம்மா ஒரே ஒரு விரலை என் கழுத்தில் வைத்து லேசாக அழுத்தினார்.

அவள் நின்றாள்.

விரலை எடுத்தார், நடந்தாள். வைத்தார், நின்றாள். அத்தனை மாதங்களில் அவளை நிறுத்த முடிந்த முதல் ஆள் அவர்தான். "உன் ரத்தம்தான்" என்றார். "சத்தில்லாமல் தண்ணியாகிவிட்டது. குறைந்த ரத்தத்தை வைத்து எல்லா இடத்துக்கும் போக வேண்டுமே, அதனால் ஓடுகிறது. அந்த ஓட்டம் உனக்குக் கேட்கிறது." மண்ணுக்கும் அதுதான் காரணம் என்றார். இரும்பு இல்லாத உடம்பு எதையாவது தின்னத் தேடும், எதில் கிடைக்கும் என்று தெரியாமல் மண்ணில் போய் நிற்கும். கர்ப்பிணிகள் மண்ணும் சாக்பீஸும் ஐஸும் தின்று வருவதை அவர் தினம் பார்க்கிறாராம்.

அம்மாவுக்கு இதைக் கணவர் சொன்னார். இந்த முறை சொல்லுக்குச் சொல் இல்லாமல், மெதுவாக, விளக்கமாக. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தாள். மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

மாத்திரை மட்டும் போதாது என்று இடுப்பில் ஊசி போட்டார்கள். இரும்பு ஊசி, கறுத்த மருந்து. போட்ட இடம் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாகிவிட்டது, இன்றும் அங்கே இருக்கிறது. மாத்திரையைக் காபியோடு விழுங்கக்கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வேண்டும், கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். காபி இல்லாமல் காலையில் ஒரு காரியமும் செய்யாத வீடு எங்களுடையது. அம்மா காபியைத் தள்ளி வைத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையை என் வாயில் போட்டு, விழுங்கினேனா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பாக்குவெட்டி மட்டும் தலைமாட்டை விட்டு நகரவில்லை. "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றாள்.

எனக்குப் பின்னால் நடந்தவளின் நடை தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் பால் கொடுக்க உட்கார்ந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. தெருவில் மீன்காரர் கூவுவது கேட்டது, குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இல்லை. சந்தோஷம்தான் பட்டிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் குழந்தையின் முகத்தைப் பயமில்லாமல் பார்த்தேன், வெகுநேரம் பார்த்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மா பாக்குவெட்டியை எடுத்துப்போகவில்லை. "எனக்கு வேற வாங்கிக்கிடுதேன். இது இங்கனயே கெடக்கட்டும்" என்றாள். நான் அதை அலமாரி இழுப்பறையில் போட்டேன். வெட்டப் பாக்கும் இல்லை, போட வெற்றிலையும் இல்லை. அது அங்கேயே துருவேறிக் கிடந்தது.

வருடங்கள் ஓடின. வேறு ஊர் மாற்றல் வராமல் பார்த்துக்கொண்டோம், கல்கத்தா கொல்கத்தா ஆனது, மாஷிமா காலமானார். மகள் தமிழை விட வங்காளத்தை நன்றாகப் பேசினாள், சண்டையை வங்காளத்தில்தான் போடுவாள். அவள் பெரியவளாகி ஓராண்டு இருக்கும். மாதாமாதம் நிறையப் போகிறது என்பாள். இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பள்ளியிலிருந்து வந்தால் சோர்ந்து விழுவாள். படிக்காமல் இருக்க நாடகம் என்று திட்டினேன்.

ஒரு மதியம் மின்சாரம் போனது. மின்விசிறி நின்று வீடு அடங்கியது. பின்னலை அவிழ்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கையை நிறுத்தினாள். தலையை வலப்பக்கம் திருப்பினாள்.

"மா, கே ஹாட்ச்சே?" என்றாள். அம்மா, யார் நடக்கிறது?

வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போனேன். உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, தொட்டுப் பார்த்தேன், சாக்பீஸ் பொடி. கீழிமையை இழுத்துப் பார்த்தேன். என் ஒரு விரலை அவள் கழுத்தில், வலப்பக்கம் வைத்து லேசாக அழுத்தினேன்.

"இப்போ?"

"நின்னுடுச்சு." அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். "நீ எப்படிம்மா நிறுத்தினே?"

எனக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை. அவளை எனக்குத் தெரியும், என்னோடு நடந்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, உன் ரத்தம்தான் ஓடுகிறது, டாக்டரிடம் போவோம், மாத்திரை தருவார்கள், செருப்பைப் போடு என்றேன். கதவைப் பூட்டினேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

திருப்பத்தில் அவள், "மா, இது என்ன?" என்று என் மற்றக் கையைக் காட்டினாள். அதில் பாக்குவெட்டி இருந்தது. இழுப்பறையைத் திறந்த நினைவே எனக்கு இல்லை.